கட்டுப்பாடு மருந்துக்கடையில் தொடங்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நீலகிரி மலைக்காய்கறியில் பூச்சிமருந்து எச்சம் என்று பேச்சு எழும்போதெல்லாம், 'சோதனையை அதிகப்படுத்துங்கள்' என்ற கோரிக்கையோடு அது அடங்கிவிடுகிறது. சோதனை வேண்டியதுதான். ஆனால் கேத்தி பாலாடாவிலும் முத்தோரையிலும் நள்ளிரவுக்கு மேல் பிடுங்கும் கேரட், விடிவதற்குள் கழுவி மூட்டை கட்டி, மேட்டுப்பாளையம் மண்டியில் ஏலம் போய், மறுநாளே சென்னையிலோ கொச்சியிலோ சமையலறைக்குள் போய்விடுகிறது. அதே கேரட்டில் உணவுப் பாதுகாப்பு அலுவலர் சோதனைக்கு மாதிரி எடுத்தால், பகுப்பாய்வாளர் அறிக்கை கொடுக்கச் சட்டம் தந்திருக்கும் அவகாசம் 14 நாள். அறிக்கை கையில் கிடைக்கும்போது அந்த மூட்டையில் ஒரு கேரட்கூட மிச்சம் இருக்காது. யார் தோட்டத்துக் காய் என்று தேடிப் போனாலும், மண்டியில் பல தோட்டத்து மூட்டைகள் கலந்த பிறகு கண்டுபிடிப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. லாரி ஓடும் வேகத்துக்கு ஆய்வுக்கூடம் ஓட முடியாது. அதனால்தான், கட்டுப்பாட்டைக் காய் விற்கும் இடத்திலிருந்து மருந்து விற்கும் இடத்துக்கு நகர்த்த வேண்டும் என்று சொல்கிறோம்.

இந்தியாவில் பூச்சிமருந்துக்கென்று சட்டம் வந்ததே ஒரு பெருஞ்சாவுக்குப் பிறகுதான். 1958இல் கேரளத்தில் பாரத்தியான் என்ற பூச்சிமருந்து கலந்த கோதுமை மாவைச் சாப்பிட்டு நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். விசாரணைக்கு நீதிபதி ஜே.சி. ஷா தலைமையில் ஆணையம் அமைந்தது. 10 ஆண்டு கழித்து, 1968இல் பூச்சிமருந்துச் சட்டம் நிறைவேறியது. விதிகள் 1971இல் வந்தன. பதிவு, தயாரிப்பு, விற்பனை உரிமம், லேபிள், ஆய்வாளரின் அதிகாரம் எல்லாம் அதில் விரிவாக இருக்கின்றன. ஆனால் 38ஆம் பிரிவைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. ஒருவர் தன் சாகுபடியில் இருக்கும் நிலத்தில் பூச்சிமருந்து அடிப்பதற்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்கிறது அந்தப் பிரிவு. அதாவது, சட்டத்தின் கை கடை வாசல் வரைதான் நீளும். டப்பா படியிறங்கிப் போய்விட்டால் எந்தப் பயிருக்கு, எவ்வளவு, அறுவடைக்கு எத்தனை நாள் முன்னால் என்று கேட்க ஆளில்லை. அந்தப் பிரிவை எடுத்துவிட்டு விவசாயியின் தோட்டத்துக்கு ஆய்வாளரை அனுப்புங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. 25 சென்ட் வைத்திருப்பவர் மேல் வழக்குப் போடுவது அநியாயம், நடக்கவும் நடக்காது. சட்டத்தின் கை எட்டும் கடைசி இடம் கடை என்பதால், அந்த இடத்திலாவது பிடி இறுக வேண்டும்.

கடையில் இப்போது நடப்பதைப் பார்ப்போம். முட்டைகோஸில் வைரமுதுகுப் பூச்சியின் புழு விழுந்திருக்கிறது. இலையெல்லாம் சல்லடை. விவசாயி ஓர் இலையைப் பறித்துக்கொண்டு கடைக்கு வருகிறார். கடைக்காரர் பார்த்துவிட்டு புழுவுக்கு ஒன்று, கருகலுக்கு ஒன்று, 'டானிக்' ஒன்று என்று மூன்றை எடுத்து வைத்து, 'எல்லாத்தையும் ஒரே டேங்குல கலந்து அடிங்க' என்கிறார். பல நேரம் இது கடனில் நடக்கும் வியாபாரம். விதைப்பிலிருந்து அறுவடை வரை உரமும் மருந்தும் கடனில் வாங்கி, மண்டிப் பணம் வந்ததும் அடைப்பது மலையில் வழக்கம். கடன் கொடுப்பவர் எடுத்து வைக்கும் மருந்தை வேண்டாம் என்று திருப்பித் தர எத்தனை பேரால் முடியும்? கடைக்காரரையும் குறை சொல்லிவிட்டு நகர்ந்துவிட முடியாது. தோட்டக்கலை அலுவலர் ஊருக்கு எப்போதோ வருகிறார். கடை தினமும் திறந்திருக்கிறது. ஆகவே அவரே வைத்தியர், அவரே மருந்து வியாபாரி. எது அதிகம் விற்றால் லாபமோ அதைத் தானே பரிந்துரைக்கும் நிலையில் ஒருவரை உட்காரவைத்தது நம் ஏற்பாட்டின் கோளாறு.

தவறு எங்கே நுழைகிறது என்பதற்கு ஒரே ஒரு கணக்கு. அதே கோஸ் புழுவுக்கு குளோரான்ட்ரானிலிப்ரோல் 18.5 எஸ்.சி. என்ற மருந்து பதிவாகியிருக்கிறது. லேபிள் சொல்வது ஹெக்டேருக்கு 50 மில்லி, 500 லிட்டர் தண்ணீர், கடைசியாக அடித்ததற்கும் அறுவடைக்கும் இடையில் 3 நாள். நீலகிரியில் ஹெக்டேர் கணக்கில் யார் பேசுகிறார்கள்? சென்ட் கணக்குக்கு மாற்றினால், 25 சென்ட்டுக்கு 5 மில்லி மருந்து, 50 லிட்டர் தண்ணீர். 16 லிட்டர் முதுகு டேங்கில் மூன்று டேங்கும் கொஞ்சமும் வரும். ஒரு டேங்குக்கு 1.6 மில்லி. கையில் அளவுக்குழல் இல்லாத நிலையில் 1.6 மில்லியை எதால் அளப்பது? பாட்டில் மூடியால்தான் ஊற்றுகிறார்கள். மூடிக்கு மூடி அளவு வேறு. 5 மில்லி பிடிக்கும் மூடியால் டேங்குக்கு ஒரு மூடி ஊற்றினால் அளவு மூன்று மடங்கு ஆகிவிடும். 3 நாள் காத்திருப்பு என்பது சரியான அளவில் அடித்தபோது எச்சம் எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்று பார்த்து வைத்த கெடு. மூன்று மடங்கு அடித்த தோட்டத்துக்கு அந்த 3 நாள் பொருந்தாது. குளிரும் மேகமூட்டமும் உள்ள மலையில் மருந்து சிதைவதும் சமவெளியைவிட மெதுவாகத்தான் நடக்கும். இத்தனைக்கும் தீர்வு, ஊசியில்லாத 5 மில்லி சிரிஞ்ச் ஒன்று. மெடிக்கல் ஷாப்பில் சில ரூபாய்க்குக் கிடைக்கிறது. பாட்டிலோடு அதைச் சேர்த்துக் கொடுக்கக் கம்பெனிகளைக் கட்டாயப்படுத்த வேண்டாமா?

அளவு கூடுவதால் புழு சாகும் என்பதும் கொஞ்ச நாளுக்குத்தான். எது அடித்தும் பிழைத்த புழுக்களே அந்துப்பூச்சியாகி அடுத்த தலைமுறைக்கு முட்டையிடுகின்றன. வைரமுதுகுப் பூச்சி இப்படிப் பல மருந்துகளைப் பழக்கிக்கொண்ட பூச்சி. ஆகவே ஒரே வகை மருந்தைத் திரும்பத் திரும்ப அடிக்காமல், செயல்படும் விதம் வேறான குழுவுக்கு மாற வேண்டும். குளோரான்ட்ரானிலிப்ரோல் 28ஆம் குழு, ஸ்பைனோசேட் 5ஆம் குழு, ஆர்கனோபாஸ்பேட் வகையைச் சேர்ந்த குளோர்பைரிபாஸும் புரோபனோபாஸும் 1பி. இந்தக் குழு எண்ணைக் கடைக்காரர் ரசீதில் எழுதிக் கொடுத்தாலே, அடுத்த முறை வேறு எண் கேட்டு வாங்கலாம். இப்போது விவசாயிக்குத் தெரிவதெல்லாம் டப்பாவின் நிறமும் வியாபாரப் பெயரும்தான். வேறு வேறு பெயரில் இரண்டு பாட்டில் வாங்குகிறார். ஒன்றில் குளோர்பைரிபாஸ், மற்றதில் குளோர்பைரிபாஸும் சைபர்மெத்ரினும் கலந்தது. இரண்டையும் ஒரே டேங்கில் ஊற்றும்போது ஒரே விஷத்தை இரட்டிப்பாக அடிக்கிறோம் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. சுண்ணாம்பு சேர்ந்த போர்டோ கலவை என்ற பூஞ்சாணக் கொல்லியோடு இந்த ஆர்கனோபாஸ்பேட் மருந்துகளைக் கலந்தால் காரத்தன்மையில் மருந்து சிதைந்து வேலை செய்யாமல் போகும். 'மருந்து கேக்கல' என்று மறுபடி கடைக்கு வருவார். இன்னொரு பாட்டில் விற்கும்.

லேபிளில் எல்லாம் இருக்கிறதே என்பார்கள். லேபிளில் உள்ள சாய்சதுரக் குறியின் கீழ்ப்பாதியில் நிறம்: வாய்வழி நச்சு அளவில் உடல் எடை கிலோவுக்கு 1 முதல் 50 மில்லிகிராம் வரை கொல்லக்கூடியது சிவப்பு, 51 முதல் 500 வரை மஞ்சள், 501 முதல் 5000 வரை நீலம், அதற்கு மேல் பச்சை. அந்தச் சதுரம் லேபிள் முகப்பில் 16இல் ஒரு பங்குக்குக் குறையக்கூடாது என்பது விதி. 100 மில்லி பாட்டிலில் 16இல் ஒரு பங்கு என்பது கட்டைவிரல் நகம் அளவு. உள்ளே மடித்து வைக்கும் துண்டுத்தாளில் வட்டார மொழியும் இருக்க வேண்டும். இருக்கிறது, பூதக்கண்ணாடி வைத்தால் படிக்கலாம். அதைவிட முக்கியம், இந்த நிறங்கள் ஒரே தடவை உள்ளே போனால் என்ன ஆகும் என்பதை மட்டுமே காட்டுகின்றன. வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக உடம்பில் சேர்வதைக் காட்டுவதில்லை. உருளைக்கிழங்கின் இலைக்கருகலுக்கு மழைமாதங்களில் திரும்பத் திரும்ப அடிக்கும் மான்கோசெப் பச்சை நிறம். பச்சை என்றதும் ஆபத்தில்லை என்று வெறுங்கையால் கலக்குகிறார்கள். அதே மான்கோசெப்புக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2020 டிசம்பரில் அனுமதியைப் புதுப்பிக்க மறுத்தது. ஹார்மோன் சுரப்பையும் கருவையும் பாதிக்கும் தன்மைதான் காரணங்களில் முக்கியமானது. சூடுபடும்போது அதில் ஒரு பகுதி எத்திலீன் தயோயூரியா என்ற நச்சுப் பொருளாக மாறுகிறது. காயின் மேல் ஒட்டியிருப்பதைச் சமைப்பதற்கு முன்பே ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவிவிடுவதும், கோஸின் வெளியிலைகள் இரண்டு மூன்றை உரித்துப் போடுவதும் வீட்டில் செய்யக்கூடியவை. செடிக்குள் ஊடுருவிய மருந்தை எந்தக் கழுவலும் எடுக்காது. ஆகவே நுகர்வோரைக் கழுவச் சொல்லிவிட்டு அரசு கையைக் கழுவிக்கொள்ள முடியாது.

தடை உத்தரவுகளுக்கும் இதே கதிதான். மோனோகுரோட்டோபாஸைக் காய்கறிக்கு அடிக்கக் கூடாது என்ற தடை 2005இலேயே வந்துவிட்டது. மற்றப் பயிர்களுக்கு அனுமதி இருந்ததால் பாட்டில் கடை அலமாரியில் தொடர்ந்து இருந்தது. நெல்லுக்கு என்று விற்ற பாட்டில் கோஸுக்குப் போனதா என்று ரசீதைப் பார்த்துச் சொல்ல முடியாது. ரசீதில் பயிர்ப் பெயரே கிடையாது. டைமெத்தோயேட்டைப் பச்சையாகத் தின்னும் காய்கனிகளில் பயன்படுத்தக் கூடாது என்று 2023இல் மத்திய அரசு உத்தரவிட்டது. கேரட்டைப் பிள்ளைகள் பச்சையாகத்தான் கடிக்கிறார்கள். டெல்லி அரசிதழில் வந்த அந்த ஒரு வரி கூக்கல்தொரைத் தோட்டத்துக்கு எந்த வழியாக வந்து சேரும்? கடைக்காரர் வாய் வழியாகத்தான் வர வேண்டும். சொல்லியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் அவருக்கு இருந்தால் வரும்.

ஆகவே எங்கள் முதல் கோரிக்கை ரசீது. பூச்சிமருந்தை ரசீது போட்டுத்தான் விற்க வேண்டும் என்பது ஏற்கெனவே விதி. அந்த ரசீதில் தமிழில் இன்னும் ஐந்து விஷயம் சேர வேண்டும்: பயிர், பூச்சி அல்லது நோயின் பெயர், மருந்தின் வேதிப்பெயரும் குழு எண்ணும், 16 லிட்டர் டேங்குக்கு எத்தனை மில்லி, கடைசித் தெளிப்புக்குப் பிறகு எத்தனை நாள் அறுவடை செய்யக் கூடாது. தொகுதி (பேட்ச்) எண்ணும் இருந்தால் போலி மருந்து பிடிபடும்போது யார் யாருக்கு விற்றது என்று தெரியும். நகல் கடையில் ஓராண்டு இருக்கட்டும். இதனால் கடைக்காரருக்கு ஆளுக்கு இரண்டு நிமிடம் கூடுதல் வேலை. பதிவாகாத பயிருக்கு மருந்து விற்றால் அவருடைய கையெழுத்தே சாட்சி. மண்டியிலோ நகரத்திலோ எச்சம் பிடிபட்டால், விவசாயி தன்னிடம் உள்ள ரசீதைக் காட்டித் தான் சொன்னபடி அடித்ததை நிரூபிக்கலாம். இப்போது பழி முழுவதும் விவசாயி தலையில் விழுகிறது. 2015இல் மருந்துக்கடை உரிமத்துக்குக் கல்வித் தகுதி வேண்டும் என்று விதி திருத்தப்பட்டு, பழைய கடைக்காரர்களுக்குப் பயிற்சிச் சான்றிதழ் வழியும் கொடுக்கப்பட்டது. படித்தவரின் பொறுப்பு ரசீதில் தெரிந்தால்தான் அந்தத் திருத்தத்துக்கு அர்த்தம்.

சிவப்பு நிற மருந்துகளுக்குத் தனிப் பதிவேடு வேண்டும். வாங்குபவர் பெயர், ஊர், பயிர், அளவு. 2023 செப்டம்பரில் அவலாஞ்சி அருகே இரண்டு புலிகள் செத்துக் கிடந்தன. விஷம் வைத்த மாட்டின் உடலைத் தின்று செத்தவை. மாட்டைப் பறிகொடுத்தவரின் கோபம் புரிகிறது. அப்படிப்பட்ட நேரத்தில் எட்டி எடுக்கும் தூரத்தில் கொடிய விஷம் கேள்வி கேட்பாரில்லாமல் கிடைப்பதுதான் பிரச்சினை. தற்கொலைகளிலும் இதே கதை. அதனால்தான் சில ஆண்டுகளுக்கு முன் தமிழக அரசே 6 பூச்சிமருந்துகளின் விற்பனையை 60 நாட்களுக்கு நிறுத்தியது. பாட்டிலின் அளவைக் குறைப்பதும் பலன் தரும் என்பதற்கு இதே மாவட்டத்தில் உதாரணம் இருக்கிறது. மாட்டுக்குப் போட்டு, செத்த மாட்டைத் தின்ற மாயாறு பள்ளத்தாக்கின் பிணந்தின்னிக் கழுகுகளைக் கொன்ற டைக்ளோபினாக் என்ற வலிநிவாரணிக்கு 2006இல் கால்நடைத் தடை வந்தது. மனிதர்களுக்கான பெரிய புட்டிகளை மாட்டுக்குப் போடுவது நிற்கவில்லை. 2015இல் மனித ஊசி மருந்தையும் 3 மில்லி ஒற்றைப் புட்டியாக மட்டுமே விற்க வேண்டும் என்றார்கள். உயர் நீதிமன்றமும் அதை ஏற்றது. 25 சென்ட்டுக்காரருக்கு 5 மில்லி போதும் என்றால் அவருக்கு 250 மில்லி பாட்டில் எதற்கு? மிச்சம் அடுப்படிப் பரணில்தான் உட்கார்ந்திருக்கும்.

கார்போபியூரான் குருணையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1961இல் நீலகிரியில் உருளைக்கிழங்கின் முட்டைக்கூடு நூற்புழு கண்டுபிடிக்கப்பட்டது. அதன் முட்டைக்கூடு மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு காத்திருக்கும். அதற்காக ஹெக்டேருக்கு 65 கிலோ, அதாவது ஏக்கருக்கு ஏறக்குறைய 26 கிலோ, 3 சதவீதக் குருணையை மண்ணில் இடுவது நெடுங்காலப் பரிந்துரை. கார்போபியூரான் தண்ணீரில் நன்றாகக் கரையும். சரிவான நிலத்தில் நட்டதும் ஒரு கனமழை பெய்தால் கரைந்தது ஓடைக்குப் போகும். மேலே கிடக்கும் குருணையைத் தானியம் என்று பறவைகள் கொத்தும். கலக்கும் கை வெறுங்கையாக இருந்தால், சிறிது நேரத்தில் கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கி, வியர்த்து, வாயில் எச்சில் ஊறி, வாந்தி வரலாம். உடனே துணியைக் கழற்றி சோப்புப் போட்டுக் கழுவி, டப்பாவையும் கையோடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். டப்பா இருந்தால்தான் மருத்துவருக்கு எந்த விஷம் என்று தெரியும். இதற்கு மாற்று இல்லையா என்றால், முத்தோரையிலேயே மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நூற்புழுவைத் தாங்கும் குப்ரி ஸ்வர்ணா ரகம் 1985இலேயே வந்தது. நூற்புழு உருளையின் குடும்பத்தைத்தான் பிடிக்கும். கேரட், கோஸ், பூண்டு, பீன்ஸ் என்று இரண்டு மூன்று போகம் மாற்றினால் எண்ணிக்கை குறையும். நல்ல விதைக்கிழங்கு குறித்த நேரத்தில் போதுமான அளவு கிடைப்பதில்லை என்பதே விவசாயிகளின் குறை. விஷத்துக்குக் கட்டுப்பாடு போடும் அரசு, விதைக்கிழங்கைக் கொடுக்கும் பொறுப்பையும் சேர்த்தே எடுத்துக்கொள்ள வேண்டும். ஒன்றைச் செய்து மற்றதை விட்டால் விவசாயி நடுத்தெருவில் நிற்பார்.

அடுத்தது காலி பாட்டில். ஓடையோரம் போய்ப் பாருங்கள். தண்ணீர் எடுக்கும் குழிக்குப் பக்கத்திலேயே கிடக்கும். டேங்க் நிரப்புவது அங்கே, மருந்து கலக்குவது அங்கே, கடைசியில் டேங்கைக் கழுவி ஊற்றுவதும் அங்கேதான். பயன்படுத்திய பாத்திரங்களை மறுபடி யாரும் எடுக்காதபடி உடைத்துப் புதைக்க வேண்டும் என்று 1971 விதிகள் சொல்கின்றன. மலைச்சரிவில் எங்கே புதைத்தாலும் கீழே ஓர் ஊற்று இருக்கும் என்று அந்த விதியை எழுதியவர்கள் நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். 2013 ஜூலையில் பீகாரின் சாப்ரா அருகே பள்ளி மதிய உணவில் 23 குழந்தைகள் இறந்தார்கள். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் இருந்தது. காலி மருந்துப் பாத்திரம் ஒரு வீட்டுக்குள் போவதற்கு எவ்வளவு குறுகிய தூரம் என்பதற்கு அதற்கு மேல் சான்று வேண்டியதில்லை.

இதற்கு நீலகிரியிலேயே கைகண்ட வழி இருக்கிறது. உயர் நீதிமன்றம் சொல்லி 2022 மே மாதம் இந்த மாவட்டத்து டாஸ்மாக் கடைகளில் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்த 10 ரூபாயைத் திருப்பிக் கொடுக்கும் முறை தொடங்கியது. காட்டிலும் புல்வெளியிலும் உடைந்து கிடந்து யானைக் காலைக் கிழித்த பாட்டில்களுக்கு அன்று முதல் ஒரு விலை வந்தது. மது பாட்டிலுக்கு முடிந்தது மருந்து பாட்டிலுக்கு ஏன் முடியாது? ஒரு நிபந்தனை மட்டும் சேர்க்க வேண்டும். மூன்று முறை அலசிய பாட்டிலுக்குத்தான் பணம். அலசும் முறை இது: மருந்தை டேங்கில் ஊற்றியதும் பாட்டிலில் கால்வாசி தண்ணீர் ஊற்றி, மூடியைப் போட்டு, அரை நிமிடம் குலுக்கி, அந்தத் தண்ணீரையும் டேங்கிலேயே ஊற்ற வேண்டும். மூன்று முறை. பிறகு அடியில் ஆணியால் ஓட்டை. மருந்து கலக்கும்போதே செய்ய வேண்டும்; மறுநாள் செய்தால் உள்ளே காய்ந்து ஒட்டியது கரையாது. அலசல் தண்ணீர் செடிக்கே போவதால் பாட்டிலில் தங்கியிருந்த மருந்தும் வீணாகாது. சேர்ந்த பாட்டில்களை எடுத்துப் போகும் செலவு தயாரித்த கம்பெனியுடையது. ஊராட்சித் துப்புரவுப் பணியாளர்களின் குப்பை வண்டியில் அவை ஏறக்கூடாது.

தண்ணீரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறோம், ஆனால் இதுதான் எங்களை அதிகம் கவலைப்படுத்துவது. கேத்திப் பள்ளத்தாக்கின் ஓடைகள் காட்டேரியில் சேர்ந்து, குன்னூர் ஆறாகி, மேட்டுப்பாளையம் அருகே பவானியில் கலக்கின்றன. கீழே அதைக் குடிக்கும் ஊர்கள் எத்தனை! புட்டியில் அடைத்து விற்கும் குடிநீருக்கான இந்தியத் தரம், தனி ஒரு பூச்சிமருந்து லிட்டருக்கு 0.1 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்கிறது. குழாய்த் தண்ணீருக்கான 2012ஆம் ஆண்டுத் தரத்தில் குளோர்பைரிபாஸுக்கு மட்டும் அனுமதி 30 மைக்ரோகிராம். 300 மடங்கு. காசு கொடுத்து வாங்குபவர் உடம்புக்கு ஓர் அளவு, குழாயில் பிடிப்பவர் உடம்புக்கு வேறோர் அளவு. சிறிய தண்ணீர்ப் புட்டிகளைத் தடைசெய்திருக்கும் மாவட்டத்தில் இந்த வேறுபாடு இன்னும் உறுத்துகிறது. கேரட் கழுவும் இயந்திரங்களின் கழிவுநீர், மண்ணோடு சேர்ந்து, அப்படியே ஓடையில் விழுவதை நிறுத்த வேண்டும். குறைந்தது இரண்டு தொட்டிகள், முதல் தொட்டியில் மண் படிந்து தெளிந்த பிறகே இரண்டாவதற்குப் போகும்படி. பல மருந்துகள் மண்துகளில்தான் ஒட்டிக்கொண்டிருக்கும். மண்ணை நிறுத்தினால் அதில் ஒட்டியதில் பெரும்பகுதி நிற்கும். ஓடையில் மாதிரி எடுப்பதாக இருந்தால் வெயில்கால நடுப்பகலில் வேண்டாம். தெளிப்புக்காலத்தில் முதல் கனமழை பெய்த சில மணி நேரத்துக்குள் எடுங்கள். அப்போது தெரியும்.

சோதனை வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை என்பதால் அதையும் சொல்லிவிடுகிறோம். எச்சத்துக்குத் தனி வரம்பு வைக்காத மருந்துக்குப் பொது வரம்பு கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். ஒரு டன் கேரட்டில் 10 மில்லிகிராம். அந்த அளவைக் கண்டுபிடிக்க நவீனக் கருவியும் பயிற்சி பெற்ற கையும் வேண்டும். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. உதகையில் மாதிரி சேகரிக்கும் மையம் ஒன்றாவது வைத்து, பனிக்கட்டிப் பெட்டியில் அன்றே கோவைக்கு அனுப்பினால் போதும். முடிவை ஊர் வாரியாக, மருந்து வாரியாக வெளியிடுங்கள்; விவசாயி பெயர் வேண்டாம். எந்த மருந்து எந்தப் பள்ளத்தாக்கில் மீறுகிறது என்று தெரிந்தால், அந்த ஊர்க் கடை ரசீதுகளை ஆய்வாளர் புரட்டலாம். சோதனையும் ரசீதும் இப்படிக் கைகோத்தால்தான் இரண்டுக்கும் பயன். தண்டனையும் உறைக்கும்படி இல்லை. பூச்சிமருந்துச் சட்டத்தின் 2000ஆம் ஆண்டுத் திருத்தப்படி முதல் குற்றத்துக்கு 2 ஆண்டு வரை சிறை அல்லது 10,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம். சீசன் நேரத்தில் நன்றாக ஓடும் கடைக்கு 10,000 ரூபாய் ஒரு பொருட்டா? உரிமத்தை ஒரு போகத்துக்கு நிறுத்தி வைப்பதுதான் உறைக்கும்.

மத்திய அரசின் கையில்தான் எல்லாம் இருக்கிறது என்று சென்னையில் சொல்வார்கள். பாதி உண்மை. ஒரு மருந்தை நிரந்தரமாகத் தடைசெய்ய மாநிலத்தால் முடியாது; பூச்சிமருந்துச் சட்டத்தின் 27ஆம் பிரிவில் 60 நாள், நீட்டித்தால் இன்னும் 30 நாள், அவ்வளவுதான். இதை மாற்ற 2008இலும் 2020இலும் நாடாளுமன்றத்துக்கு வந்த பூச்சிமருந்து மேலாண்மை மசோதாக்கள் இரண்டுமே சட்டமாகவில்லை. ஆனால் கடை உரிமத்தைக் கொடுப்பதும், நிறுத்துவதும், ரத்து செய்வதும் மாநில அலுவலரின் கையெழுத்தில்தான் நடக்கின்றன. மேலே சொன்ன ரசீது, சிவப்புப் பதிவேடு, காலி பாட்டில் மூன்றையும் மாநில அரசு தானே முன்னின்று தொடங்கலாம்.

கட்டுப்பாடு என்றால் மலைக்காய்கறிக்குக் கெட்ட பெயர் வந்து விலை விழும் என்று விவசாயிகள் அஞ்சுவது நியாயம்தான். ஆனால் கெட்ட பெயர் ஏற்கெனவே வந்துவிட்டது. 2015இல் தமிழகக் காய்கறியில் மருந்து எச்சம் என்று கேரளம் புகார் கிளப்பியபோது, சரியாக அடித்தவர், அளவுமீறி அடித்தவர் என்று யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. பிரித்துக் காட்ட நம்மிடம் ஒரு துண்டுக் காகிதமும் இல்லை. இணையத்தில் வாங்குவார்களே என்பது கடைக்காரர்களின் கேள்வி. இணையத்தில் விற்பவருக்கும் உரிமம் வேண்டும் என்பதால், நீலகிரி முகவரிக்கு வரும் ஒவ்வொரு பாட்டிலுக்கும் இதே ரசீது நிபந்தனை போட வேண்டும்.

கார்போக நடவு ஏப்ரலில் தொடங்குகிறது. மாவட்டத்தில் உள்ள மருந்துக்கடைகளின் பட்டியல் துறையிடம் இருக்கிறது. புது ரசீதுப் புத்தகம் அச்சடிக்கவும், கோஸ், கேரட், உருளை, பூண்டு, பீன்ஸ் ஐந்துக்கும் டேங்குக் கணக்கில் அளவு அட்டவணை ஒரே தாளில் போட்டுக் கடைச் சுவரில் ஒட்டவும் ஒரு மாதம் போதும். மாவட்ட ஆட்சியரும் தோட்டக்கலைத் துறையும் அந்த ஒரு தாளிலிருந்து தொடங்கட்டும்.

இப்படிக்கு,
தோட்டக்கலைத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்ற இருவர்,
கேத்தி பாலாடா, நீலகிரி மாவட்டம்.